பாதைக்குரிய கடன்

ஃபிக்ஹு நூல்களைப் பாடமாக ஓதியவர்களுக்கு ஓர் உதாரணம் நன்கு நினைவிருக்கும். கொலையின் வகைகளைச் சொல்லி வருங்கால், வேண்டுமென்றே செய்த கொலை, வேண்டுமென்றே செய்ததை ஒத்த கொலை, தவறுதலாக நேர்ந்த கொலை என்று பிரித்து, மூன்றாவதை விளக்க நம் இமாம்கள் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இதுதான்: ஒருவன் வேட்டைப் பிராணியைக் குறி வைத்து எய்தான், அம்பு ஒரு மனிதன்மீது பட்டுவிட்டது. இவ்வளவே உதாரணம். மாணவன் அதை மனனம் செய்கிறான். ஆசிரியர் அடுத்த வரிக்குச் சென்று விடுகிறார்.

நாமும் அவ்வாறே ஓதினோம். பின்னர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே ஓதுவித்தும் வந்தோம். அம்பு எய்தவன் யார், அவன் அங்கே எதற்காக நின்றான், அடிபட்டவன் யார், அவன் அந்த வழியே ஏன் வந்தான் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்தோமில்லை. சட்ட நூலின் உதாரணங்களுக்கு முகம் இருப்பதில்லை என்றே நினைத்திருந்தோம். கரிசல் காட்டின் ஓர் ஒற்றையடிப் பாதையில் அந்த உதாரணம் நம் கண்முன் எழுந்து நின்ற பிறகுதான், அது எத்தனை பெரிய அறக் கேள்வியைத் தன்னுள் அடக்கிக் கொண்டிருக்கிறது என்பது நமக்கு விளங்கிற்று.

கோவில்பட்டி வட்டாரத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல்லை இங்கே விளக்கிவிட வேண்டும். நம் கரிசல் மக்கள் 'காடு' என்று சொன்னால் அது அடர்ந்த மரச் செறிவு அன்று. மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலமே இங்கே காடு. 'காட்டுக்குப் போயிருக்கிறான்' என்றால் பருத்திக்கோ உளுந்துக்கோ களையெடுக்கப் போயிருக்கிறான் என்று பொருள். மரமுள்ள காடு வேண்டுமாயின் கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே உள்ள குருமலைப் பக்கம் போக வேண்டும். அங்கே புள்ளிமான்கள் உண்டு. இன்னும் தெற்கே, திருநெல்வேலி தூத்துக்குடிச் சாலையில், 1987ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்ட வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள் உண்டு. மற்றபடி ஓடைக் கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முட்புதர்களே முயலுக்கும் கௌதாரிக்கும் காட்டுப்பன்றிக்கும் புகலிடம்.

இந்த நிலத்தில் வேட்டை புதிதன்று. முயலொன்று வேட்டை நாய்களை எதிர்த்து விரட்டிய இடத்தில்தான் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்தது என்று சொல்லும் கதையை இங்கே சிறு பிள்ளையும் அறியும். சிப்பிப்பாறை என்னும் ஊரின் பெயரையே தாங்கிய நாயினமும், கோவில்பட்டி கழுகுமலைப் பக்கங்களில் அருமையாக வளர்க்கப்படும் கன்னி நாயும் முயலைக் கண்ணால் கண்டு காற்றாய்ப் பறந்து பிடிக்கப் பழக்கப்பட்டவை. அதே போல் நடையும் இங்கே புதிதன்று. கால்நடையாகத் திருச்செந்தூர் செல்லும் முருக பக்தர்கள், கிடை போட ஆடு ஓட்டிச் செல்வோர், விறகு பொறுக்கும் பெண்கள், முதல் பேருந்தைப் பிடிக்கக் குறுக்கு வழியில் விரையும் நம்மைப் போன்றோர் எல்லோருக்கும் பாதை ஒன்றே. அந்தப் பாதையை முதலில் போட்டது மனிதனா, தண்ணீர் தேடிச் சென்ற விலங்கா என்பதைக் கூட நாம் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

நாலைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதம். குருமலையின் அடிவாரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இரவு மவ்லிது மஜ்லிஸ் முடித்துத் தங்கி, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் பிரதான சாலையை நோக்கி நடந்தோம். உடன் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன். இருள் இன்னும் விலகவில்லை. பனி இறங்கியிருந்தது. ஓடைக்கு அப்பால் இரண்டு மூன்று விளக்குகள் அசைவதைக் கண்டோம். நெற்றியில் விளக்கைக் கட்டிக் கொண்டு வேட்டைக்கு வந்தவர்கள் என்பது பார்த்த அளவிலேயே புரிந்துவிட்டது. நாய் ஒன்று முனகும் ஓசையும் கேட்டது.

மாணவன் நம் முகத்தைப் பார்த்தான். நாம் வாயில் விரலை வைத்துக் காட்டினோம். இத்தகையவர்களோடு நமக்கு என்ன பேச்சு, ஓசைப்படாமல் கடந்து போய்விடுவோம் என்பதே அச்சைகையின் பொருள். பாதை புதரை ஒட்டி வளைந்தது. நம் ஆடை முள்ளில் சிக்கி ஒரு சலசலப்பு எழுந்தது. அடுத்த கணம் வேல்கம்பு ஒன்று காற்றைக் கிழித்துக் கொண்டு வந்து, சிறுவனின் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கரிசல் மண்ணில் குத்தி நின்று ஆடியது.

எறிந்தவர் ஓடி வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். அவருடைய கை நடுங்கியது. நெற்றி விளக்கின் ஒளியும் கூடவே நடுங்கியது. "ஐயையோ, பிள்ளை மேலே பட்டுச்சா பாய், பட்டுச்சா?" என்று சிறுவனின் காலைத் தடவித் தடவிப் பார்த்தார். நாமோ சினத்தின் வசமானோம். "கண் தெரியவில்லையா உனக்கு? உயிரைக் கொல்ல அலைகிறவனுக்கு மனிதனும் பன்றியும் ஒன்றாகிவிட்டதா?" என்று கத்தினோம். நம்மினும் மூத்தவர் ஒருவரை 'அண்ணாச்சி' என்று அழைத்தே பழகிய நாக்கு, அன்று அவரை ஒருமையில் பேசிற்று.

அவர் தலை குனிந்து கேட்டுக் கொண்டார். "தப்புதான் பாய். பன்னின்னு நெனைச்சிட்டேன். மூணு ராவா உறக்கமில்லே. மக்காச்சோளத்தைப் பூரா உழப்பிப் போட்டுட்டுது" என்றார். வேல்கம்பைப் பிடுங்கிக் கொண்டு நாலடி போனவர் திரும்பி நின்றார். "ஆனா நீங்களும் ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே பாய். எங்க வெளக்கை அந்தப் பக்கமே பாத்திருப்பீக."

அவர் குற்றம் சாட்டவில்லை, அங்கலாய்த்தார், அவ்வளவே. ஆனால் அந்தச் சொல் வேல்கம்பை விட ஆழமாய்த் தைத்தது. ஏனெனில் அது உண்மை. விளக்கை நாம் பார்த்தோம். பார்த்தும் வேண்டுமென்றே மௌனமானோம். அந்த மௌனம் அச்சத்தால் வந்ததன்று, இகழ்ச்சியால் வந்தது. அந்த இகழ்ச்சிக்கு ஒரு சிறுவனின் உயிர் விலையாகியிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி நம்மை விடவில்லை. ஒருவர் செய்யும் செயலை மற்றவர் ஒப்பவில்லை. இருவரும் ஒரே பாதையில் எதிர்ப்படுகின்றனர். ஒருவருக்கு மற்றவர் பட்ட கடன் என்ன?

இக்கேள்வி கரிசலுக்கு மட்டும் உரியதன்று. மேலை நாடுகளில் காடுகளில் நடந்து மகிழ்வோரும் வேட்டையாடுவோரும் அதே வனப் பாதைகளைப் பகிர்ந்து கொள்கின்றனர். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் தென்மேற்குப் பிரான்சின் லோ மாவட்டத்தில், தன் வீட்டருகே விறகு வெட்டிக் கொண்டிருந்த 25 வயது இளைஞர் ஒருவரைக் காட்டுப்பன்றி எனப் பிழையாகக் கருதி வேட்டைக்காரர் சுட்டுவிட்டார், இளைஞர் மாண்டார். நம் ஃபிக்ஹு நூலின் உதாரணம் எழுத்துக்கு எழுத்து அங்கே நிகழ்ந்து விட்டது. ஞாயிற்றுக் கிழமைகளிலேனும் வேட்டையை நிறுத்துங்கள் என்று நாடெங்கும் குரல் எழுந்தது. 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு அக்கோரிக்கையை ஏற்காமல், குடித்துவிட்டு வேட்டையாடுவதைக் குற்றமாக்குதல், பயிற்சியைக் கூட்டுதல் போன்ற ஏற்பாடுகளை அறிவித்தது. பல நாடுகளில் வேட்டைக்காலத்தில் காட்டுக்குள் செல்வோர் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிற ஆடை அணிகின்றனர். 'நான் மனிதன், சுடாதே' என்று ஆடையே உரத்துச் சொல்கிறது.

நம் நாட்டின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்த 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டன. அதனால் வேட்டை மறைந்து போய்விடவில்லை; இருளுக்குள் போயிற்று. பகலில் ஊர் கூடிப் போன வேட்டை, இரவில் ஓசையின்றிப் போகலாயிற்று. சட்டத்துக்கு அஞ்சி ஒளிபவனும், அவனை இகழ்ந்து மௌனமாகக் கடப்பவனும் ஒருவர் இருப்பை மற்றவர் அறியாமல் ஒரே இருளில் நடக்கின்றனர். ஆபத்து முன்னிலும் கூடியது என்றே சொல்ல வேண்டும்.

பாதைக்கு உரிமை உண்டு என்பது நம் மார்க்கத்தின் போதனை. வழிகளில் அமர்ந்திருப்பதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியபோது, பேசிக் கொள்ள எங்களுக்கு வேறிடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டனர். அங்ஙனமாயின் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்து விடுங்கள் என்றார்கள் பெருமானார். அவ்வுரிமை யாது என வினவப்பட்டபோது அவர்கள் எண்ணிக் காட்டியவை ஐந்து: பார்வையைத் தாழ்த்துதல், தீங்கு செய்யாதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறுதல், நன்மையை ஏவுதல், தீமையைத் தடுத்தல். அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) வாயிலாக வரும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

இதன் வரிசையைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். வரிசையே சட்டமாகிவிடாது என்பதை அறிவோம். எனினும் சிந்திப்பவர்க்கு அதில் ஒரு பாடம் உண்டு. தீமையைத் தடுப்பது கடைசியில் வருகிறது. தீங்கிழைக்காமையும் ஸலாமும் அதற்கு முன்னே வந்துவிடுகின்றன. நாம் அன்று செய்ததோ தலைகீழ்ப் பாடம். முகமன் கூறும் கடனைக் கைவிட்டோம். வேல்கம்பு பறந்த பிறகு தீமையைத் தடுக்கும் கடனைக் கையில் எடுத்துக் கொண்டு முழங்கினோம். முன்னதை நிறைவேற்றியிருந்தால் பின்னதற்குத் தேவையே எழுந்திராது!

இருவருள் யாருடைய கடன் பெரிது? ஆயுதம் வைத்திருப்பவருடைய கடனே பெரிது. இதில் ஐயமில்லை. அம்புகளோடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக் கொள்ள வேண்டும் என்பது நபிமொழி. அபூ மூஸல் அஷ்அரீ (ரலி) இதை அறிவிக்கிறார். மக்கள் விலகிச் செல்லட்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. முனையை உடையவனே முனையைப் பற்ற வேண்டும். அதனால் கை கீறினாலும் கீறட்டும், பிறர் மேனியில் படக்கூடாது. அவ்வாறே, விரலிடுக்கில் வைத்துச் சிறு கல்லைச் சுண்டி எறிவதையும் அவர்கள் தடுத்தார்கள். அக்கல் வேட்டைப் பிராணியை வீழ்த்தப் போவதுமில்லை, பகைவனை முறியடிக்கப் போவதுமில்லை. யாருடைய கண்ணையோ பல்லையோதான் பதம் பார்க்கும் என்பது அவர்கள் காட்டிய காரணம். பயன் இன்னதென்று உறுதியில்லை, தீங்கோ நேரக்கூடியது. அத்தகைய எறிதலைக் கைவிடு என்பதே அதன் சாரம்.

வேட்டையின் விதிகளிலும் இதே நுட்பம் உண்டு. அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) வேட்டை நாய்கள் பற்றிக் கேட்டபோது, அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவிய உன் நாயோடு வேறொரு நாயும் கலந்து நின்றால் அப்பிராணியை உண்ணாதே என்று விடை வந்தது. எய்த பிராணி தண்ணீரில் விழுந்து கிடக்கக் கண்டால் அதையும் உண்ணாதே. அம்பு கொன்றதா, நீர் கொன்றதா என்பது உனக்குத் தெரியாது. செத்த முயல் எதனால் செத்தது என்ற ஐயம் ஒன்றே அதன் இறைச்சியை விலக்கப் போதுமென்றால், புதருக்குள் அசைவது முயலா மனிதனா என்ற ஐயம் கையை நிறுத்தப் போதாதா? உண்ணும் நேரத்தில் வேண்டிய உறுதி எறியும் நேரத்தில் எத்தனை மடங்கு வேண்டும்!

தவறுதலாகக் கொன்றவனுக்குக் கொலைப்பழி இல்லை. ஆயினும் அன்னிஸா அத்தியாயம் அவனை வெறுமனே போக விடவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடும், கொன்றவனுக்குப் பரிகாரமும் விதிக்கிறது. விடுவிக்க அடிமை இல்லாதபோது இரண்டு மாதம் இடைவிடாத நோன்பு. உள்ளத்தில் குற்றமில்லாதவனுக்கு நோன்பு எதற்கு? உயிர் ஒன்று போயிற்று என்பதை அவன் உடல் அறுபது நாளேனும் அறிய வேண்டும் என்பதற்காகத்தான் போலும். 'வேண்டுமென்று செய்யவில்லை' என்பது பழியைத் துடைக்கும்; கடனைத் துடைக்காது.

இனி வழிப்போக்கனின் பக்கத்துக்கு வருவோம். வேட்டையை ஒப்பாதவர், வேட்டைக்காரரோடு ஒரே பாதையில் எவ்வாறு செல்வது என்பதற்கு ஹுதைபிய்யா ஆண்டுப் பயணத்தில் ஒரு சான்று உண்டு. அபூகதாதா (ரலி) இஹ்ராம் கட்டியிருக்கவில்லை. உடன் சென்ற தோழர்கள் இஹ்ராமில் இருந்தனர். வழியில் காட்டுக் கழுதைகள் தென்பட்டன. இஹ்ராமில் இருப்பவருக்கு வேட்டை விலக்கப்பட்டது. தோழர்கள் அவருக்குச் சொல்லவுமில்லை, சுட்டிக் காட்டவுமில்லை. அவர் தாமே கண்டு குதிரையில் ஏறினார். சவுக்கை எடுத்துத் தரச் சொன்னார், மறுத்தனர். ஈட்டியை எடுத்துத் தரச் சொன்னார்; அதையும் மறுத்தனர். தாமே இறங்கி எடுத்துச் சென்று ஒன்றை வீழ்த்தி வந்தார். அந்த இறைச்சியைத் தாங்கள் உண்ணலாமா என்று தோழர்களுக்கு ஐயம் வந்தது. உங்களில் யாரேனும் அவரை ஏவினீர்களா, சுட்டிக் காட்டினீர்களா என்று மட்டுமே பெருமானார் கேட்டார்கள். இல்லையென்றதும் உண்ண அனுமதித்தார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சட்டத்துக்காக மட்டும் ஓதிவிட்டுப் போகிறோம். இதனுள் இருக்கும் ஒழுக்கத்தைப் பாருங்கள். தமக்கு விலக்கப்பட்டதில் அவர்கள் ஒரு விரலசைவு கூட உதவவில்லை; அவ்வளவு கண்டிப்பு. அதே வேளை, இஹ்ராமில்லாத தோழரை இழிவாகப் பேசவில்லை, பயணத்திலிருந்து விலக்கவுமில்லை. உதவாமை வேறு, இகழ்தல் வேறு. முன்னது மனச்சான்றின் காவல். பின்னது உள்ளத்தின் நோய். நாம் அன்று மாலை மீண்டும் அந்த ஹதீஸை எடுத்துப் பார்த்தபோது, இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக் கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். அபூகதாதாவின் வேட்டை அவருக்கு ஆகுமானது. இங்கேயோ வேட்டை நாட்டின் சட்டத்துக்கு மாறானது. சட்டத்தை மீறுபவனுக்கு முகமன் கூறுவது அவனுக்குத் துணை போவதாகாதா?

பொதுநலன் கருதி, ஆகுமான ஒன்றை ஆட்சி தடுத்தால் அத்தடை நம்மையும் கட்டும் என்பதே நாம் கற்ற மரபு. ஆதலால் இந்நாட்டில் வேட்டை நமக்கு ஆகாது என்பதில் தடுமாற்றம் வேண்டாம். அல்மாயிதா அத்தியாயம் வேட்டையை அனுமதிக்கிறதே என்று வாதிடுவோர், அதே அத்தியாயம் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியை நிறுத்தி மனிதன் சோதிக்கப்படுவான் என்று எச்சரிப்பதையும் ஓத வேண்டும். வேட்டையின் பின்னே போகிறவன் மறதியில் ஆழ்ந்து விடுகிறான் என்ற நபிமொழியும் அபூதாவூத் முதலிய நூல்களில் உண்டு. ஆனால் சட்டத்தை மீறியவன் ஸலாமுக்கு வெளியே போய்விடுவதில்லை. இருளில் எழுப்பும் குரல் அவன் செயலுக்கு ஒப்புதல் அன்று. 'இங்கே ஒரு மனிதன் வருகிறான்' என்ற அறிவிப்பு. ஸலாம் என்பதே 'என்னால் உனக்குத் தீங்கில்லை' என்னும் வாக்குறுதிதானே! அதை அரபிச் சொல்லால் சொன்னாலும், 'யாரு அண்ணாச்சி அங்கே?' என்று கரிசல் தமிழில் கேட்டாலும் இருளில் அது செய்யும் வேலை ஒன்றே. தீமையைத் தடுப்பதற்குப் படிகள் உண்டென்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் விரித்துரைக்கிறார்கள். அறியாதவனுக்கு அறிவித்தலும் மென்மையாக எடுத்துரைத்தலும் முன்னே நிற்கின்றன. கடுஞ்சொல் பின்னே வருகிறது. முகங்கொடுத்துப் பேசாதவன் முதல் படியிலேயே கால் வைக்க இயலாது.

இன்னொன்றும் நினைவில் வர வேண்டும். வேட்டைக்காரனுக்காவது காது உண்டு. கூப்பிட்டால் கையை நிறுத்துவான். காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாய் மின்சாரம் பாய்ச்சிய கம்பி வேலிக்குக் காது இல்லை. பழத்துக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய்க்குக் காது இல்லை. தமிழகத்தில் இவற்றால் யானைகள் மட்டுமல்ல, மனிதரும் மாண்டிருக்கின்றனர். பொதுவழியில் அனுமதியின்றிக் குழி தோண்டியவன் அதில் விழுந்தவனுக்குப் பொறுப்பாளி என்று ஃபிக்ஹு கூறும். வைத்துவிட்டு வீட்டில் உறங்குபவனை விட, விழித்திருந்து கையில் வேல்கம்போடு நிற்பவன் மேல். அவன் 'பட்டுச்சா, பட்டுச்சா' என்று ஓடி வருகிறான். கம்பி வேலி ஓடி வருவதில்லை.

இவ்வளவும் எண்ணிய பிறகும் நம் நெஞ்சில் ஒரு முள் எஞ்சியிருந்தது. அதை எடுத்தவர் எட்டயபுரத்தில் துயிலும் உமறுப் புலவர். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. அவர் பாடிய சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் ஒன்றுண்டு. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி மீள விடுதலை கேட்கிறது. அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள் மான் திரும்பும் வரை தாமே பிணையாக நிற்கிறார்கள். மான் கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். இச்செய்தியின் அறிவிப்புத் தொடரை ஹதீஸ் கலை அறிஞர் பலர் வலுவுடையதாகக் கொள்ளவில்லை என்பதை மாணவர்களுக்கு நாம் சொல்லியே வருகிறோம். வரலாற்றுச் சான்றாக அதை இங்கே எடுக்கவில்லை. காப்பியம் காட்டும் அறமாக எடுக்கிறோம்.

ஒரு பாதை, ஒரு வழிப்போக்கர், ஒரு வேடன், ஒரு விலங்கு. வழிப்போக்கர் விலங்கின்மேல் இரங்குகிறார். ஆனால் வேடனைக் கொடியவன் என்று ஏசவில்லை. வலையை அறுத்து எறியவும் இல்லை. மான் போய்விட்டால் வேடனுக்கு இழப்பு என்பதை அவர் ஒப்புக் கொள்கிறார். அந்த இழப்புக்குத் தம்மையே ஈடாக நிறுத்துகிறார். இரக்கத்தின் விலையை வேடனின் தலையில் கட்டாமல் தம் தோளில் ஏற்றுக் கொள்வதே பிணை நிற்றல். வேடனின் மனம் மாறியது அதனால்தான்.

இங்கே நம் காலத்து நிலையைப் பொருத்திப் பாருங்கள். மலையேறி மகிழ்வதற்கென்று தமிழக அரசே 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களைத் திறந்திருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ நடையர் இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு ஒழுங்குமுறைகளும் வந்தன. நல்லதே. நகரத்து அன்பர்கள் காட்டைக் காண வரட்டும். மானைக் கண்டு மகிழட்டும். ஆனால் அவர்கள் ஒரு நாள் கண்டு மகிழும் விலங்குக்கு ஆண்டு முழுவதும் தீனி போடுகிறவர் யார்? மலையடிவாரத்து மானாவாரி விவசாயி. புரட்டாசியில் கடன் வாங்கி விதைத்த மக்காச்சோளத்தைப் பன்றிக் கூட்டம் ஓரிரவில் உழப்பிவிடுகிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுட இசைவளித்து 2025 ஜனவரியில் அரசு ஆணை பிறந்தது. குருமலையின் காலடியில் இருப்பவருக்கு அந்த மூன்று கிலோமீட்டர் எத்தனை தொலைவு என்பதை அவருடைய கண்ணீரால்தான் அளக்க வேண்டும். விலங்கின்மேல் இரங்கும் நாம் அவருக்கு எந்தப் பிணை நின்றோம்? இழப்பீடு விரைந்து கிடைக்கக் குரல் கொடுத்தோமா? காவலுக்கு வேலி அமைக்க உதவினோமா? ஒன்றுமில்லை. அவர் உறங்காத மூன்று இரவுகளின் மேல் நின்று கொண்டு, 'உயிரைக் கொல்ல அலைகிறவன்' என்று உபதேசம் செய்தோம். பிணை நில்லாத இரக்கம் வெறும் சொல். சில வேளைகளில் அது ஆணவம்.

பத்து நாள் கழித்து அந்தச் சிற்றூருக்கு மீண்டும் சென்றோம். மாணவனையும் அழைத்துச் சென்றோம். விசாரித்து அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது, புகார் செய்ய வந்திருக்கிறோம் என்றெண்ணி அவர் முகம் வெளிறியது. "அண்ணாச்சி, அன்றைக்கு விளக்கைப் பார்த்தும் வாய் திறக்காமல் வந்தது எங்கள் தப்பு. ஒருமையில் பேசியதும் தப்பு" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பையனின் தலையில் கையை வைத்தார். பிறகு தம் காட்டுக்கு அழைத்துச் சென்று சாய்ந்து கிடந்த கதிர்களைக் காட்டினார். வேட்டை சட்டப்படி குற்றம், பிடிபட்டால் குடும்பம் சீரழியும் என்று அங்கே வரப்பில் உட்கார்ந்து மெல்லச் சொன்னோம். கேட்டுக் கொண்டார். விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாகச் சொல்ல மாட்டோம், கொடுக்கவில்லை. பயிர்ச் சேதத்துக்கு மனு எழுதித் தரும்படி மட்டும் கேட்டார். எழுதித் தந்தோம். பலமுறை அலைந்து, செலவானதில் ஒரு சிறு பகுதி அவருக்குக் கிடைத்தது. நாம் நின்ற பிணை அவ்வளவுதான். அதைப் பெரிதாகச் சொல்லிக் கொள்ள ஒன்றுமில்லை.

இப்போதும் அவ்வழியே போகிறோம். ஓடை வளைவு வந்ததும் மாணவர்களுள் மூத்தவன், நாம் சொல்லாமலே, "ஆள் வருது அண்ணாச்சி!" என்று குரல் கொடுப்பான். சில நாள் இருளுக்குள்ளிருந்து "வாங்க பாய், பாத்து வாங்க" என்று பதில் வரும். சில நாள் பதில் வராது. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். யாரும் இல்லாத காட்டை நோக்கியும் நாங்கள் குரல் கொடுத்தே செல்கிறோம். பாதைக்குரிய கடன் கேட்பவரைப் பொறுத்ததன்று, நடப்பவரைப் பொறுத்தது.

கொலையின் வகைகளைப் பாடம் நடத்தும் நாள் ஆண்டுதோறும் வருகிறது. 'வேட்டைப் பிராணியைக் குறி வைத்து எய்தான். மனிதன்மீது பட்டுவிட்டது' என்ற வரி வந்ததும் இப்போது நாம் நூலைச் சற்று மூடி வைக்கிறோம். "எய்தவன் பார்த்தானா என்று நூல் கேட்கிறது. வந்தவன் ஸலாம் சொன்னானா என்று நீங்கள் கேளுங்கள்" என்கிறோம். பிறகே அடுத்த வரிக்குப் போகிறோம்.